காடாத் துணியில் நீல நிழல்: 52 துண்டு வெட்டி 30 தேறிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தேன். ஐம்பது அங்குல அகலம், அறுபது அங்குல நீளத்தில் ஒரு போர்வை, அதில் முப்பது நீலச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் எங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஏதோ ஒன்றின் நிழல், அல்லது அதன் புகைப்படம். ஜனவரியில் தொடங்கிய வேலை ஆகஸ்டில் முடிந்திருக்கிறது. 52 துண்டுகள் வெட்டியதில் 30 தேறின. மீதி 22 எப்படிக் கெட்டன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முறையின் பெயர் சயனோடைப். இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் கலந்து, துணியில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடம் கழுவும்போது வெளுத்துவிடும். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தது. கட்டட வரைபடத்துக்கு ‘ப்ளூ பிரிண்ட்’ என்று பேர் வந்ததே இந்த நீலத்தால்தான். இருட்டறை வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். ஈரோட்டில் துணிக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. சரி, இறங்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எதை அச்சிடுவது

முதலில் நான் போனது பவானி கூடுதுறைக்கு. ஒரு காலை முழுக்க 140 படம் எடுத்தேன். சங்கமேஸ்வரர் கோயில் கோபுரம், படித்துறை, ஆற்றின் மேல் விடியல். செல்போன் திரையில் பார்க்க அத்தனை அழகு. அதில் இரண்டைத் துணியில் அச்சிட்டபோது ஒரே கலங்கலாக வந்தது. விடியலில் இருந்த ஐந்தாறு சாம்பல் சாயல்களும் காடாத் துணியின் முரட்டு நெசவில் ஒன்றோடு ஒன்று கலந்து, கோபுரம் எது வானம் எது என்று தெரியவில்லை. பத்து அங்குலத் துணி தாங்கக்கூடிய விவரம் கொஞ்சம்தான் என்பது அப்போது புரிந்தது.

அந்த வாரம்தான் அன்னா அட்கின்ஸ் செய்த அச்சுகளைப் பார்த்தேன். ஹெர்ஷல் கண்டுபிடித்த அடுத்த வருடமே, 1843-இல், இங்கிலாந்தின் கடற்பாசிகளை இதே முறையில் அச்சிடத் தொடங்கியவர். கேமரா இல்லை. பாசியைத் தாளின் மேல் நேராக வைத்து வெயிலில் காட்டியிருக்கிறார். நீலத்தின் நடுவே பாசியின் இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளையாக நிற்கிறது. அவர் ஊரில் பாசி. எங்கள் தெருவில் என்ன?

அதற்காக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வீட்டு வாசலிலிருந்து பால் பூத் வரைக்கும் போக வர 400 மீட்டர். அதைத் தாண்டி எதையும் எடுப்பதில்லை. நேரமும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள். பிப்ரவரி தொடங்கி ஆறு வாரத்தில் 212 படம் சேர்ந்தன.

முதல் வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. வாசல் கோலம், நாய், டீக்கடை என்று எல்லோரும் எடுக்கும் படம்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் பால் காய்ச்சும்போது சமையலறைச் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் கிராதியின் பூ வளைவும் வெளியே நிற்கும் முருங்கை மரத்தின் கொப்பும் சேர்ந்து சுவரில் விழுந்திருந்தன. கிராதியின் நிழலுக்குக் கத்தியால் வெட்டினாற்போல விளிம்பு. முருங்கை இலைகள் தூரத்தில் இருப்பதால் விளிம்பு கரைந்து, புகை மாதிரி. காற்று அடித்தால் புகை மட்டும் ஆடுகிறது, பூ அப்படியே நிற்கிறது. ஏழு நாற்பதிலிருந்து ஏழு ஐம்பத்தைந்து வரைக்கும்தான் அந்தக் காட்சி. அப்புறம் வெயில் அடுப்பு மேடைக்கு இறங்கிவிடும். பதினோரு வருடமாக அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பால் காய்ச்சுகிறேன்.

அன்றிலிருந்து பொருளைப் பார்ப்பதை விட்டு, பொருள் எங்கே ஒளியை மறைக்கிறது, எங்கே விடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சின்னச் சோதனையும் உதவியது. கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். அப்போதும் உருவம் தெளிவாக நின்றால் அச்சுக்கு ஆகும். மங்கினால் விட்டுவிடுவேன். இப்படித் தேறியவை: கம்பத்திலிருந்து பிரியும் மின்கம்பிகள், மதில் சுவரின் விரிசல், தார் ரோட்டில் விழுந்த வேப்பமர நிழல், சாக்குப் பையின் நெசவு, சைக்கிள் ஆரக்கால், பக்கத்து வீட்டு விசைத்தறியில் ஏறியிருந்த பாவு (நெடுக்கு நூல்). மொத்தம் 11 படம். மீதி 19 சதுரங்களுக்குப் பொருளையே நேராகத் துணியில் வைத்தேன்: முருங்கை இலை, ஈர்க்குமாறு, கொண்டை ஊசி, துணிக்கிளிப், சந்தகை (இடியாப்பம்) அச்சின் வில்லை, பாட்டியின் அருகம்புல் மாலை கட்டும் வாழைநார்.

துணி

திங்கள் ராத்திரி கூடும் ஜவுளிச் சந்தையில் காடாத் துணி நான்கு மீட்டர் வாங்கினேன். 48 அங்குல அகலம், மீட்டர் 62 ரூபாய். வெளுக்காத துணி என்பதால் லேசான பழுப்பு நிறம், அங்கங்கே பருத்திக் கொட்டையின் கரும்புள்ளி. நீலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்பு எனக்குப் பிடிக்கும். வெள்ளை பாப்ளின் வாங்கியிருந்தால் வேலை சுலபம், ஆனால் ஆஸ்பத்திரி விரிப்பு மாதிரி இருந்திருக்கும்.

முதல் தவறு இங்கேதான். வாங்கி வந்த துணியைச் சும்மா ஒரு தடவை அலசிவிட்டுப் பூசினேன். கரைசல் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலே நின்றது. பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து உள்ளே தள்ளினேன். வெயிலில் அருமையாக நிறம் மாறியது. வாளியில் போட்டதும் நீலம் மொத்தமும் தண்ணீரோடு போய், துணியில் வெளிறிய ஆகாய நிறம் மட்டும் மிஞ்சியது. நான்கு துண்டு இப்படிப் போயின. கொடியில் காய்ந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கஞ்சி எடுத்தியா கண்ணு? பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்குது. இதுல எந்தச் சாயம் புடிக்கும்?”

பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றுகிறார்கள். அது நூலைச் சுற்றி ஒரு தோல் மாதிரி இருக்கிறது. அவர் சொன்னபடி ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் சலவைச் சோடா போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். தண்ணீர் டீத்தூள் நிறத்துக்கு வந்து, மேலே பசை நுரை கட்டியது. துணி ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சுருங்கியது. வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். நான் நான்கு துண்டுகளை முதலிலேயே வெட்டிவிட்டதால் அவை அளவு தப்பின. மீதியைச் சுருங்கிய பிறகு 11 அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் போனால் 10 நிற்கும்.

நீலம் துருவாக மாறியது

அடுத்த ஆறு துண்டுகள்தான் என்னை ரொம்ப வாட்டின. கஞ்சி இல்லை, கரைசல் நன்றாக இறங்கியது, வெயிலும் சரியாக இருந்தது. தண்ணீரில் போட்டபோது ஆழமான நீலம். சந்தோஷமாக அரை மணி நேரம் ஊற விட்டு வந்து பார்த்தால் விளிம்பெல்லாம் மஞ்சள், நடுவில் துருக்கறை. மறுநாளும் அப்படியே. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கலந்தேன். அதுவும் அப்படித்தான்.

பிறகு ஒரே துண்டை மூன்றாகக் கிழித்து, ஒன்றை எங்கள் போர்வெல் தண்ணீரிலும், ஒன்றைக் குடிக்கிற ஆற்றுத் தண்ணீரிலும், ஒன்றை வினிகர் கலந்த தண்ணீரிலும் போட்டேன். வினிகரில் போட்டது அப்படியே நின்றது. ஆற்றுத் தண்ணீரில் கொஞ்சம் வெளுத்தது. போர்வெல்லில் போட்டது ஒரு மணி நேரத்தில் பழுத்துவிட்டது. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் தாளை 110 ரூபாய்க்கு வாங்கி நனைத்துப் பார்த்தேன். ஏழைத் தாண்டினால் காரம். போர்வெல் தண்ணீர் எட்டைத் தாண்டியது. சோடாவில் கொதிக்க வைத்து இரண்டே தடவை அலசிய துணியின் ஈரம் இன்னும் மேலே போயிற்று. இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. காரம் பட்டால் நீலம் உடைந்து இரும்புக் கறையாகிவிடுகிறது. நான் தண்ணீரிலும் காரம், துணியிலும் காரம் வைத்துக்கொண்டு மருந்தின் மேல் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்தது: சோடாவில் கொதித்த துணியை ஆறு தடவை அலசுவேன். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு 50 மில்லி சாதா வெள்ளை வினிகர். அச்சிட்ட பின் முதல் கழுவலிலும் அதே அளவு. அப்புறம் ஆற்றுத் தண்ணீரில் மூன்று தடவை, மஞ்சள் சாயம் நிற்கும் வரை. இந்த வேலையில் வினிகரைத் தவிர வேறு எந்த அமிலத்தையும் கிட்டே கொண்டுபோகவில்லை. இந்த மருந்தில் இருக்கும் ஃபெரிசயனைடின் மேல் கக்கூஸ் ஆசிட் மாதிரி கடுமையானது பட்டால் விஷவாயு வரும். சூடாக்கவும் கூடாது. கையுறை போட்டுக்கொண்டுதான் கலப்பேன். இதற்கென்று ஒதுக்கிய டப்பா, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பிப் போகாது.

கலவையும் பூச்சும்

அளவு எல்லோரும் பயன்படுத்துவதுதான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பச்சை ரகம், 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் பாட்டிலில் வைத்து, பூசும் நேரத்தில் மட்டும் சரிபாதி கலப்பேன். 100 கிராம் பொட்டலங்கள் 380 ரூபாய், 340 ரூபாய். கோயம்புத்தூரில் பள்ளி ஆய்வகத்துக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். ஒரு சதுரத்துக்கு 12 மில்லி கலவை பிடித்தது. தாளுக்குச் சொல்லும் கணக்கை நம்பி 4 மில்லி கலந்தபோது பாதித் துணிகூட நனையவில்லை. துணி குடிக்கும்.

சிட்ரேட் கரைசலில் மூன்றாவது வாரம் பஞ்சு மாதிரி பூஞ்சை மிதந்தது. அதிலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கரைத்தேன்.

பூச்சு குளியலறையில், ராத்திரி, ட்யூப்லைட்டை அணைத்து மஞ்சள் ஜீரோ வாட் பல்பில். இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் பிரஷ்ஷால் நெடுக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. பிறகு கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் கரைசல் கீழே இறங்கி, அடி விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குக் கரும்பச்சை. அச்சில் அது கறுத்த பட்டையாக வந்தது. மூன்று துண்டு போன பிறகு வழி கிடைத்தது. பூசியதும் இரண்டு பழைய துவாலைகளுக்கு நடுவே வைத்து உருட்டுக்கட்டையால் ஒரு உருட்டு. கூடுதல் ஈரம் போய்விடும். அதன் பிறகு தொங்கவிட்டால் இறங்காது.

சரியாகக் காய்ந்த துணி எலுமிச்சைத் தோல் நிறத்தில், பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். நீலம் தட்டியிருந்தால் அது வீண். மே மாதம் நான்கு நாள் கோடை மழை பெய்தபோது இரவு முழுக்கக் காயாமல் நான்கு துண்டும் நீலம் தட்டிவிட்டன. அச்சிட்டும் பார்த்தேன். வெள்ளையே வரவில்லை, நிழல் விழுந்த இடமும் நீலமாகவே நின்றது. மழை நாளில் இந்த வேலையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வெயில்

பழைய ப்ளைவுட் பலகை, அதன் மேல் துணி, பொருள், அதற்கு மேல் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி, நாலு பக்கமும் பைண்டர் கிளிப். எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க ஒரு நீளத் துண்டை எடுத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அட்டையை நகர்த்தினேன். மார்ச் மாதம் உச்சி வெயிலில் 12 நிமிடத்துக்கு மேல் நீலம் ஆழமாகவில்லை. காலை பத்து மணிக்கு 20 நிமிடம் வேண்டியிருந்தது. கடிகாரத்தைவிட நிறத்தை நம்பலாம். மஞ்சள் முதலில் நீலமாகும், அப்புறம் சாம்பலாகி, கடைசியில் வெண்கலப் பாத்திரத்தில் களிம்பு ஏறின மாதிரி ஒரு நிறம் வரும். அங்கே எடுக்க வேண்டும். நீலமாகிவிட்டதே என்று முதல் கட்டத்தில் எடுத்தால் கழுவும்போது பாதி போய்விடும்.

முருங்கை இலையைப் பறித்தவுடன் வைத்தால் அதன் ஈரம் துணியில் இறங்கி ஓரம் கசிகிறது. ஒரு ராத்திரி செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திய இலைதான் சுத்தமாக வந்தது. காம்பும் நரம்பும்கூடத் தெரியும்படி வந்த சதுரம் அதுதான். காற்றில் கண்ணாடி போடுவதற்குள் இலை பறந்து இரண்டு துண்டு கெட்டது.

சந்தகை அச்சின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாட்டி காலத்துப் பித்தளை வில்லை, உள்ளங்கை அகலம், நடுவில் வட்டம் வட்டமாகத் துளைகள். வெள்ளை வட்டத்துக்குள் நீலப் புள்ளிகள் வரும் என்று எதிர்பார்த்துப் பிப்ரவரியில் வைத்தேன். வெள்ளை வட்டம் வந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை. நேரத்தைக் கூட்டி மறுபடி வைத்தேன். அதே வெற்று வட்டம், நிலா மாதிரி. பிறகு ஸ்கேல் வைத்து அளந்தேன். வில்லையின் கனம் 4 மில்லிமீட்டர், துளையின் அகலம் ஒன்றரை. பிப்ரவரியில் நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. சாய்வாக வரும் வெயில் துளையின் பக்கச் சுவரிலேயே முட்டி நின்றுவிடுகிறது, அடியில் இருக்கும் துணிக்கு வருவதில்லை. கிணற்றுக்குள் வெயில் உச்சிப்பொழுதில்தான் இறங்கும், அதே கணக்கு.

ஈரோட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. முதல் தடவை சித்திரை பிறந்த முதல் வாரத்தில், ஏப்ரல் 19, 20 வாக்கில். நேரமும் சரியாகப் பன்னிரண்டு இல்லை, 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி. அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். 12:14-க்கு மொட்டை மாடியில் பலகையை வைத்து, ரசமட்டம் போட்டுச் சமன் செய்தேன். பக்கத்தில் நிறுத்திய குச்சிக்கு நிழல் இல்லை. பத்து நிமிடம். வாளியில் போட்டுக் கையால் அசைத்தபோது மஞ்சள் தண்ணீர் விலக விலக, வெள்ளை வட்டத்துக்குள் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எண்ணினேன், துளைகள் எத்தனையோ அத்தனை. மாடியிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா வில்லையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஓரத் துளையை உங்க பாட்டி ஈர்க்குச்சி விட்டுக் குத்திக் குத்தியே பெருசாக்கிட்டா” என்றார். அச்சிலும் அந்தப் புள்ளி பெரிதாக இருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் சுலபமான வழி தோன்றியது. பலகைக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்துச் சூரியனைப் பார்த்தாற்போலச் சாய்த்துவிட்டால் எந்த நாளும் உச்சிவெயில்தான். பலகையில் ஒரு ஆணியை நேராக அடித்து, அதன் நிழல் மறையும் வரை சாய்த்தால் போதும். வில்லை சரியாமல் இருக்க நான்கு பக்கமும் குண்டூசி. இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் போர்வையில் இருப்பது சித்திரை வெயிலில் வந்த சதுரம்தான்.

உயரமான பொருள்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். துணியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூக்கி நிற்கும் விளிம்பின் நிழல் பத்து நிமிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். துணிக்கிளிப்பின் வாய்ப்பக்கம் தெளிவாகவும் வால்பக்கம் கரைந்தும் வந்தது அதனால்தான். அந்தக் கரைந்த விளிம்பு சமையலறைச் சுவரில் பார்த்த முருங்கை நிழலை ஞாபகப்படுத்தியதால் அதைக் கழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

புகைப்படத்திலிருந்து நெகட்டிவ்

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை நன்றாகக் கூட்டி, நிறத்தைத் தலைகீழாக்கி ஓஎச்பி தாளில், அதாவது கண்ணாடி மாதிரி ஒளி விடும் பிளாஸ்டிக் தாளில், அச்செடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் 20 ரூபாய். முதல் தடவை தலைகீழாக்க மறந்து, மின்கம்பிகள் நீலமாகவும் வானம் வெறும் துணியாகவும் இல்லாமல், வானம் நீலமாகவும் கம்பிகள் வெள்ளையாகவும் வந்தன. மின்கம்பிக்கு அதுவே பொருத்தமாக இருந்ததால் அதை அப்படியே விட்டேன். சாக்குப் பைக்கும் விரிசலுக்கும் சரிவரவில்லை.

லேசர் பிரிண்டரின் கறுப்பு பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் வெயிலுக்கு அது போதாது. மூன்று துண்டுகளில் வெள்ளை வர வேண்டிய இடமெல்லாம் வெளிர் நீலம். ஒரே படத்தை இரண்டு தாளில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் பொருத்தி ஓரத்தில் செல்லோடேப் ஒட்டினேன். சரியாகிவிட்டது. இரண்டு தாள் என்பதால் வெயில் நேரம் 12-லிருந்து 15 நிமிடமாயிற்று. படத்தை இட வலம் மாற்றி அச்செடுத்து, மை இருக்கும் பக்கம் துணியைத் தொடும்படி வைத்தால் கோடு இன்னும் கூர்மையாக விழும். 11 படத்துக்கு வீணானதையும் சேர்த்து 30 தாள், 600 ரூபாய். இந்த வேலையில் மருந்துக்கு அடுத்த பெரிய செலவு இதுதான்.

தையல்

முதலில் இதை ஜன்னல் திரையாகத்தான் நினைத்திருந்தேன். சோதனைத் துண்டு ஒன்றை மேற்கு ஜன்னலில் மூன்று வாரம் தொங்கவிட்டதில் நீலம் கண்ணுக்குத் தெரியும்படி வெளுத்தது. அலமாரிக்குள் வைத்தபோது கொஞ்சம் திரும்பி வந்தது, முழுக்க வரவில்லை. அதனால் போர்வையாக மாற்றினேன்.

நடு அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் அம்மாவின் பழைய நூல் புடவைகள். புடவையின் அகலம் 46 அங்குலம்தான், நான்கு அங்குலத்துக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. சதுரங்களை மிஷினில் இணைத்து, மூன்று அடுக்கையும் கையால் வெள்ளை நூலில் ஓட்டினேன். அங்குலத்துக்கு ஐந்து தையல். எல்லாச் சதுரத்திலும் நேர்கோடாக ஓட்டுவதாகத்தான் திட்டம். இரண்டாவது சதுரத்திலேயே ஊசி தானாக நிழலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனது. கிராதிப் பூவைச் சுற்றி ஓட்டினால் பூ மேலே எழும்பி நிற்கிறது. முருங்கை இலைகளைச் சுற்றி ஓட்டவே இல்லை, வெளியே மட்டும் ஓட்டினேன். அவை உள்ளே அமுங்கி இருக்கட்டும். எந்தச் சதுரம் எதற்குப் பக்கத்தில் என்பதற்காக மட்டும் நான்கு நாள் தரையில் பரப்பிப் பரப்பி மாற்றினேன். சந்தகை வில்லை நடுவுக்கு வந்த பிறகுதான் மற்றவை அமைதியாகின. ஏழு வாரம், இரவில் ஒரு மணி நேரம்.

துவைப்பதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். சோப்புத் தூளில் போட்ட சோதனைத் துண்டு ஒரே அலசலில் பழுத்துவிட்டது. பூந்திக்கொட்டையில் மூன்று தடவை அலசியும் நீலம் அசையவில்லை.

மொத்தச் செலவு: துணி 248, மருந்து 720, தாள் 600, கண்ணாடி 160, பிஹெச் தாள் 110, நூல் 90, வினிகர் 60, கையுறை 50, பிரஷ் 40. ஆக 2,078 ரூபாய். பலகையும் புடவையும் வீட்டில் இருந்தவை.

அடுத்த முறை துணியை மொத்தமாகக் கஞ்சி எடுத்து, பிஹெச் தாளில் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன். சோதனைக்கு முழுச் சதுரத்தை வீணாக்காமல் மூன்று அங்குலத் துண்டுகள் போதும். மாசியில் தொடங்கி வைகாசிக்குள் அச்சு வேலை முழுவதையும் முடித்துவிட வேண்டும், தையலை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 23 வாக்கில் சூரியன் மறுபடி நேர் உச்சிக்கு வருகிறது. மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வைத்திருக்கிறேன். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

முடிந்த அன்று சாயங்காலம் தறிக்கார அக்காவைக் கூப்பிட்டுக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். கஞ்சி எடுக்கச் சொன்னதே அவர்தானே. ஒவ்வொரு சதுரமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், கீழ் வரிசையில் பாவின் படத்துக்கு வந்ததும் குனிந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது எங்க மூணாம் நம்பர் தறிதானே கண்ணு? இங்க பாரு, ஓரத்துல ஒரு இழை அறுந்து கெடக்குது. நீ போட்டோ எடுத்தப்ப நான் கவனிக்கவே இல்ல.”

நானும் கவனித்திருக்கவில்லை. ஏழு மாதத்தில் அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு மயிரிழை அகலத்துக்கு நீலம் கூடுதலாக இருந்தது.